கூட வந்தவரே எல்லாத்துக்கும் பதில் சொன்னா நாம என்ன செய்யணும்? (கருக்கலைப்புக்கு வரும் பெண்கள், ஆள் கடத்தல் சந்தேகம்)

நர்ஸ்_மல்லிகா (திண்டுக்கல் பக்கம்)

வணக்கம். பதினோரு வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். இப்ப ஒரு தனியார் நர்சிங் ஹோம்ல வேலை. ரெண்டு வாரமா மனசு சரியில்ல, அதான் இங்க எழுதுறேன்.

ஒரு பொண்ணு வந்துச்சு. ஆதார்ல வயசு 19. வடக்க உள்ள பொண்ணு, ஒடிசான்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. கூட ஒரு அம்மா, ஒரு ஆளு. அந்தம்மா மில்லு ஹாஸ்டல் வார்டன். அந்த ஆளை வீட்டுக்காரர்னு சொன்னாங்க. 11 வாரம், கலைக்கணும்னு வந்திருந்தாங்க.

பேரு என்னம்மான்னு பொண்ணைப் பாத்துக் கேட்டேன், வார்டன் சொன்னாங்க. கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனேன்னு கேட்டேன், அதையும் வார்டன்தான் சொன்னாங்க. தேதியோட. ஆதார் அந்தப் பொண்ணு கையில இல்ல, வார்டன் போன்ல போட்டோவா இருந்துச்சு. முகவரி எழுதும்போது அந்த ஆளைப் பாத்து, உங்க மாமனார் ஊர் எதுன்னு கேட்டேன். அவனுக்குத் தெரியல. வார்டன் முகத்தைப் பாத்தான்.

எங்க ஆஸ்பத்திரில புருஷன் கையெழுத்து இல்லாம டாக்டர் கேஸைத் தொடமாட்டாங்க. அவன் போட்டான். பேப்பர் எல்லாம் சரியா இருந்துச்சு, நானும் உள்ள அனுப்பிட்டேன். மறுநாள் டிஸ்சார்ஜ். ட்ரிப்ஸ் ஊசியை எடுத்துட்டு பஞ்சை வச்சு அழுத்துனேன். அந்தப் பொண்ணு என் ரெண்டு விரலைப் புடிச்சுக்கிச்சு, விடவே இல்ல. வார்டன் ஏதோ இந்தில சொன்னாங்க, அதுக்கப்புறம்தான் விட்டுச்சு.

ரெண்டு கேள்வி. நான் போலீசுக்குச் சொல்லியிருக்கணுமா, சொல்லியிருந்தா கருக்கலைப்பு விஷயத்தை வெளிய சொன்ன குத்தம் ஆயிருக்குமா? புருஷன் கையெழுத்துங்கறது நிஜமாவே சட்டத்துல இருக்கா?

பழனி_மெடிக்கல்ஸ்

சிஸ்டர், நான் மருந்துக் கடை வச்சிருக்கேன். ஒரே ஆளு நாலஞ்சு மாசத்துல மூணு தடவை கலைக்கிற மாத்திரை கேட்டு வந்தான். சீட்டு இல்லாம தரமாட்டேன்னு அனுப்பிட்டேன். யாருக்குன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. உங்க பதிவைப் படிச்சப்புறம்தான் மூணு தடவைங்கறது உறைக்குது.

டாக்டர்_வைகைக்கரை

மல்லிகா சிஸ்டர், அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவராக முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

புருஷன் கையெழுத்து சட்டத்தில் இல்லை. 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்கிறது. 18க்குக் கீழே என்றாலோ, மனநோய் உள்ளவர் என்றாலோதான் காப்பாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம். சம்மதம் வாங்கும் தாள் 'படிவம் சி'. அதில் 'இன்னாரின் மகள் அல்லது மனைவி' என்று ஒரு இடம் இருக்கும். பெயர் எழுதத்தான் அந்த இடம், கணவர் கையெழுத்துப் போட அல்ல. இருந்தும் எத்தனையோ மருத்துவமனைகளில் கீழே ஒரு கோடு போட்டு 'கணவர் கையெழுத்து' என்று சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். பிறகு யாராவது வந்து சண்டை போடுவார்களோ என்ற பயத்தில் நாமாகச் சேர்த்துக்கொண்ட வழக்கம் அது. நானும் என் பணியின் முதல் பத்து ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினேன்.

உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று, டெல்லியில் வசித்த மணமாகாத ஒரு பெண்ணின் வழக்கில், இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. குடும்பத்தாரின் சம்மதம், கூடுதல் ஆவணங்கள் என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக்கூடாது, பெண்ணின் சம்மதமே முக்கியம் என்றது.

இதற்கும் ஆள் கடத்தலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். உங்கள் பதிவிலேயே அது இருக்கிறது சிஸ்டர். புருஷன் கையெழுத்து என்று நாம் கேட்டதும், கூட வந்தவன் புருஷனாகிவிட்டான். அவனிடம் திருமணச் சான்று கேட்டோமா? இல்லை. நாம் நீட்டிய தாளில் அவன் ஒரு பெயரை எழுதினான், அந்தப் பெண்ணுக்காகப் பேசும் அதிகாரம் அவன் கைக்குப் போய்விட்டது. அந்தக் கோட்டை அச்சடித்து வைத்தது நாம்தான்.

ரகசியம் பற்றி: 2021இல் வந்த திருத்தத்தில் 5ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரங்களையும், சட்டம் அதிகாரம் கொடுத்தவரைத் தவிர வேறு யாருக்கும் மருத்துவர் சொன்னால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிரிவு மருத்துவரைத்தான் குறிக்கிறது என்றாலும் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வார்டனிடம் சொல்வதற்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்பதை யோசித்துப் பாருங்கள். எத்தனை வாரம், என்ன செய்தோம் என்று வார்டன் முன்னால் நின்று நாம் விளக்கும்போது எந்த ரகசியத்தைக் காப்பாற்றினோம்?

தெற்குவாசல்_ஓஜி

நானும் மகப்பேறு மருத்துவர்தான், சொந்தமாகச் சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். வைகைக்கரை டாக்டர் மீது மதிப்பு உண்டு. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் வாசலில் போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கும். என் இடத்தில் நானும் இரண்டு சிஸ்டரும் ஒரு வாட்ச்மேனும்தான். மனைவி மட்டும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் கணவன் பத்துப் பேரோடு வந்து கண்ணாடியை உடைத்ததை அனுபவித்தவன் நான். அதன் பிறகு இருவர் கையெழுத்தும் வாங்குகிறேன்.

அதைவிடப் பெரிய கவலை வேறு. கருக்கலைப்புக்கு வருகிற பெண்கள் ஏற்கெனவே கூனிக் குறுகித்தான் வருகிறார்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து விசாரித்தால், இங்கே கேள்வி கேட்கிறார்கள் என்று ஊரில் பேச்சு பரவும். பிறகு வரமாட்டார்கள். குச்சி வைக்கிறவளிடம் போவார்கள், கடையில் எதையாவது வாங்கி விழுங்குவார்கள். செப்டிக் ஆகி என்னிடமே வருவார்கள். ஆயிரத்தில் ஒரு கடத்தல் கேஸைப் பிடிக்கப்போய் மற்ற பெண்களை விரட்டக்கூடாது.

வழக்கறிஞர்_தல்லாகுளம்

டாக்டர் சொன்ன இரண்டாவது கவலை நியாயமானது. அதற்கு விடை விசாரணை அல்ல, வேறு. அதைக் களத்தில் இருப்பவர்கள் சொல்லட்டும். சட்டத்தில் இருக்கிற ஒரு ஓட்டையை மட்டும் நான் காட்டிவிடுகிறேன். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கருக்கலைப்புச் சட்டத்தில் 'காப்பாளர்' என்றால் யார்? அப்பா அம்மா என்று நினைப்போம். 2ஆம் பிரிவைப் படியுங்கள். மைனரை அல்லது மனநோயுள்ளவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர் என்றுதான் இருக்கிறது. உறவு என்ற சொல்லே கிடையாது. பெற்றோர் இல்லாத பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கும் அத்தைக்கும் உதவட்டும் என்று நல்லெண்ணத்தில் வைத்த வரையறை. ஆனால் 16 வயதுப் பெண்ணை ஹாஸ்டலில் வைத்திருக்கும் வார்டனும் 'என் பொறுப்பில்தான் இருக்கிறாள்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட இதே வரி இடம் கொடுக்கிறது. வேலைக்கு அழைத்துவந்த ஏஜென்டும் போடலாம்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. இந்தப் பயத்தினால் காதலித்த மைனர் பெண்கள் மருத்துவமனைக்கே வராமல் போனார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2022 தீர்ப்பு, மைனரும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், தகவல் கொடுக்கும்போது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதையொட்டி உத்தரவிட்டது. மிகத் தேவையான தீர்ப்பு, அதில் எனக்கு மறுகருத்தே இல்லை.

ஆனால் அந்தக் 'காப்பாளர்' அவளை விற்றவனாக இருந்தால்? பெயரை மறைக்கும் உரிமையை அவளுக்காகக் கேட்பவன் அவனே. அவளைக் காப்பாற்ற வந்த ரகசியம் அவனைக் காப்பாற்றிவிடும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். தீர்ப்பு 'மைனரும் காப்பாளரும்' என்றுதான் சொல்கிறது. மைனர் கேட்டாளா என்று தெரிந்துகொள்ள அவளிடம் தனியாகக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? காப்பாளர் மீது சந்தேகம் என்றால் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். நள்ளிரவானாலும் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

மல்லிகா சிஸ்டர் சொன்ன பெண் 19 வயது என்றே வைத்துக்கொள்வோம். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, இலவசமாக உடனே சிகிச்சை கொடுத்துக் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357சி, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 397ஆம் பிரிவு. எந்தெந்தக் குற்றங்களுக்கு என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அமில வீச்சு இருக்கிறது, வன்புணர்வு இருக்கிறது. ஆள் கடத்தல் பிரிவு, அதாவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143, அந்தப் பட்டியலில் இல்லை. ஆள் கடத்தலுக்குப் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று 143இல் எழுதியிருக்கிறது, அவளே விரும்பி வந்தாள் என்று ஏஜென்ட் தப்ப முடியாது. ஆனால் அவளை முதலில் பார்க்கிற மருத்துவமனை என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு வரி கிடையாது.

சிஸ்டரின் முதல் கேள்விக்கு என் பதில்: கருக்கலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அவளுக்கு உதவி கேட்டிருக்கலாம். ஆதார் பிடுங்கி வைத்திருப்பது, சம்பளம் கையில் வராதது, வெளியே போக விடாதது, இவை 1976ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரக்கூடியவை. கோட்டாட்சியருக்கோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ, இந்த இடத்தில் பெண்கள் இப்படி வைக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது என்று மனு கொடுத்தால் போதும். அதில் எந்தப் பெண்ணின் பெயரும் தேவையில்லை.

கவிதா_நம்பிக்கைமையம்

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல கவுன்சிலரா 15 வருஷம் ஆச்சு. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆளைத் தனியா வச்சுத்தான் பேசணும், எங்களுக்கு அது விதி. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து வந்தாலும் முதல்ல ஒவ்வொருத்தரா உள்ள. யாரும் இதுவரைக்கும் 'ஏன் விசாரிக்கிறீங்க'ன்னு சண்டைக்கு வந்ததில்ல. ஏன்னா எல்லாருக்கும் அப்படித்தான்.

தெற்குவாசல் டாக்டர் சார், உங்க கவலைக்கு என் பதில் இதுதான். சந்தேகப்பட்ட பொண்ணை மட்டும் தனியா கூப்பிட்டா கூட வந்தவன் உஷாராயிடுவான், வெளிய போனதும் அவளுக்கு அடி விழும். வர்ற எல்லாரையும் அஞ்சு நிமிஷம் தனியா உட்காரவச்சா யாருக்கும் ஒண்ணும் தோணாது. வாசல்ல ஒரு அட்டை: 'படிவம் எழுதும் அறை. நோயாளி மட்டும்.' அவ்வளவுதான். அதுக்கும் ஒத்துக்காதவங்க இருந்தா சிறுநீர் பிடிக்க, எடை பாக்க, ஸ்கேன் எடுக்கன்னு எத்தனையோ சாக்கு இருக்கு.

என்ன கேக்கணும்ங்கறது அடுத்தது. 'உன்னை யாராவது கடத்திட்டு வந்தாங்களா'ன்னு கேட்டா ஒருத்தியும் ஆமான்னு சொல்லமாட்டா. பொய் சொல்றதில்ல, தன்னைக் கடத்திட்டாங்கன்னு அவளுக்கே தெரியாது. தெரிஞ்ச அண்ணன்தானே வேலை வாங்கிக் கொடுத்தாரு, அம்மாகிட்ட முன்பணம் கொடுத்தாரே, அதைக் கழிக்கணும்ல, அப்படித்தான் அவ மனசுல ஓடும். அதனால நான் சாதாரணமாத்தான் கேப்பேன்.

உங்க போன் இப்ப யார்கிட்ட இருக்கு?
சம்பளம் யார் கையில கொடுப்பாங்க?
ஞாயித்துக்கிழமை கேட்டைத் தாண்டி கடைக்குப் போவீங்களா? கூட யாரு வருவாங்க?
நாளைக்கே ஊருக்குப் போகணும்னா யார்கிட்ட கேக்கணும்? விடலேன்னா?
இதைக் கலைக்கணும்னு முதல்ல சொன்னது யாரு?

கடைசிக் கேள்வியை நான் விட்டதே இல்ல. அதுக்கு அவ உடனே பதில் சொல்லிட்டா ஒரு மாதிரி, தரையைப் பாத்தா ஒரு மாதிரி.

ஆனா வயசைக் கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். 'நீ சொல்றது எங்களுக்குள்ளதான் இருக்கும்மா. ஆனா உனக்கு 18 ஆகலைன்னா நான் மேல சொல்லியாகணும், சட்டம் அப்படி.' இதை முதல்லயே சொல்லணும். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு அப்புறமா போலீசைக் கூப்பிட்டா, அவளை ஏமாத்துன ஆளுங்க வரிசைல நாமளும் சேர்ந்துடுவோம்.

அந்த அறையில அவளுக்கு எதையும் எழுதிக் கொடுக்காதீங்க. துண்டுச் சீட்டைத் தேடி எடுத்துருவாங்க. பெண்கள் உதவி எண் 181, மூணே எண்ணு, மனசுல நிக்கும். பெண்கள் கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைங்க. டிஸ்சார்ஜ் சம்மரில ஒரு வரிகூட இதைப் பத்தி வேண்டாம், அது வார்டன் கைக்குத்தான் போகுது. உங்க கேஸ் ஷீட்ல எழுதி வைங்க.

மேஜர் பொண்ணு, 'எனக்கு எதுவும் வேண்டாம்க்கா, விடுங்க'ன்னு சொன்னா விட்டுடுங்க. 2014ல மத்திய சுகாதார அமைச்சகம் பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்குன்னு ஒரு வழிகாட்டி கொடுத்துச்சு. போலீஸ் நடவடிக்கை வேண்டாம்னு அவங்க சொன்னா அதையும் விளக்கிச் சொல்லி எழுதி வாங்கிக்கணும், சிகிச்சையை நிறுத்தக்கூடாதுன்னு அதுல இருக்கு. இன்னைக்கு வேண்டாம்னு சொன்னவ ஆறு மாசம் கழிச்சு அந்த எண்ணுக்குக் கூப்பிட்டதை நான் பாத்திருக்கேன்.

அன்பு_சேலம்

எல்லாரும் சொல்றதைப் பாத்தா எனக்கு ஒரு யோசனை. கருக்கலைப்புக்கு முன்னாடி கட்டாய ஆலோசனைன்னு சட்டமே போட்டா என்ன? அரசு கவுன்சிலரைப் பாத்துச் சான்று வாங்கணும், ரெண்டு நாள் கழிச்சுத்தான் செய்யணும். கடத்துறவங்க பயந்து கூட்டிட்டு வரமாட்டாங்க. வேற சில நாடுகள்ல இப்படி இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

டாக்டர்_வைகைக்கரை

அன்பு, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவள் எங்கே இருப்பாள்? அதே ஹாஸ்டலில். அவளை அழைத்துவந்தவன் மூன்றாம் நாள் வேறு ஊரில் வேறு மருத்துவமனைக்குப் போவான், அல்லது மருத்துவமனைக்கே போகமாட்டான்.

நம் சட்டத்தில் காத்திருப்புக் காலம் கிடையாது, கட்டாய ஆலோசனைச் சான்றும் கிடையாது. இருப்பது வாரக் கணக்கு. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, 20 முதல் 24 வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டும் இரண்டு மருத்துவர்களின் கருத்து. வன்முறைக்கு ஆளானவர்களும் மைனர்களும் அந்தப் பிரிவினரில் வருகிறார்கள், அதற்கு எஃப்.ஐ.ஆர். காட்ட வேண்டும் என்பதில்லை. மாத்திரை என்றால் 9 வாரம் வரை. அடைத்து வைக்கப்பட்ட பெண் தாமதமாகத்தான் வருவாள், வெளியே போக அனுமதி வாங்கவே நாள் ஆகும். 19 வாரத்தில் வருகிறவளை இன்னும் தள்ளிப்போட்டால் கதவு அவளுக்குத்தான் மூடும்.

ஹூஸ்டன்_நர்ஸ்_தேவி

சொந்த ஊர் காரைக்குடி, டெக்சாஸில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. அன்பு சொன்ன 'வேற சில நாடுகள்ல' இதுவும் ஒன்று என்பதால் எழுதுகிறேன்.

1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 24 மணி நேரக் காத்திருப்பை அனுமதித்த பிறகு பல மாநிலங்கள் அதைச் சட்டமாக்கின. டெக்சாஸில் 2011இல் வந்த சட்டம், முதலில் ஸ்கேன், மருத்துவர் அதை விவரிக்க வேண்டும், 24 மணி நேரம் கழித்துத்தான் மற்றது என்றது. என்ன பேச வேண்டும் என்பதைச் சட்டமே எழுதிக் கொடுத்தது. அந்தப் பேச்சு கருவைப் பற்றியது. 'உன் சம்பளம் யார் கையில்' என்பது அதில் இல்லை. 2022 ஜூனில் அதே அமெரிக்க நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த தீர்ப்புக்குப் பிறகு இங்கே கருக்கலைப்புக்கே கிட்டத்தட்ட முழுத் தடை.

2014இல் இங்கே வெளியான ஒரு ஆய்வு எங்கள் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி வரும். பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்பட்டு மீண்ட நூற்றுக்குச் சற்று அதிகமான பெண்களிடம் பேசினார்கள். மருத்துவரைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் 87.8 சதவீதம் பேர், அடைபட்டிருந்த காலத்திலேயே ஏதாவது ஒரு மருத்துவரையோ மருத்துவமனையையோ பார்த்திருக்கிறார்கள். கருக்கலைப்பு பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பெண்களுக்குக் குறைந்தது ஒரு கருக்கலைப்பு நடந்திருந்தது, அவர்களில் பலர் அது தங்கள் விருப்பமில்லை என்றார்கள். சின்ன ஆய்வு, நாட்டுக்கே பொருத்திச் சொல்ல முடியாது. ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றே தோன்றும்: அவர்கள் நம்மிடம் வந்தார்கள், நாம்தான் அனுப்பி வைத்தோம்.

2020 செப்டம்பரிலிருந்து இங்கே நோயாளியை நேரடியாகக் கவனிக்கும் உரிமம் பெற்றவர்கள் ஆள் கடத்தல் பற்றிய பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. அதில் கற்றதும் கவிதா அக்கா சொன்னதுதான்: முதலில் தனியிடம், பிறகு தகவல், அதன் பிறகே கேள்வி. மொழிபெயர்க்கக் கூட வந்தவரை எங்கள் இடத்தில் விடமாட்டோம், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிப்போம். மல்லிகா சிஸ்டர் எழுதியதில் என்னை அதிகம் உறுத்தியது அந்த இடம்தான், வார்டனே மொழிபெயர்ப்பாளர்.

பழைய_மில்லுக்காரி

எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாளா யோசிச்சேன். ஊர் பேரு, மில்லு பேரு வேண்டாம்.

சுமங்கலித் திட்டம்னு சொன்னா உங்களுக்குத் தெரியும். மூணு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா முடிவுல கல்யாணத்துக்கு மொத்தமா பணம். எங்க வீட்ல முப்பதாயிரம்னு சொன்னாங்க. நான் போகும்போது 16. கேம்ப் கூலின்னு எங்களைச் சொல்லுவாங்க. ஷிப்டு முடிஞ்சா ஹாஸ்டல், ஹாஸ்டல் விட்டா ஷிப்டு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வேன்ல கடைத்தெரு.

சூப்பர்வைசர் என்ன செஞ்சான்னு எழுதல. நாலு மாசம் ஆனப்புறம் வார்டன் கண்டுபிடிச்சு டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரில என் சித்தின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. வயசு 19ன்னாங்க. டாக்டரம்மா வயித்தைத் தொட்டுப் பாத்தாங்க, ஸ்கேனைப் பாத்தாங்க, என் முகத்தைப் பாக்கல. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, கூட்டம் அவ்வளவு.

ராத்திரி வார்டன் காப்பி குடிக்க வெளிய போனப்ப துணி மாத்த ஆயாம்மா வந்தாங்க. ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டே 'ஊர்ல யாருடி இருக்கா உனக்கு'ன்னு கேட்டாங்க. அது வரைக்கும் ஒருத்தரும் கேக்கல. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது எங்க ஊர் மளிகைக் கடை ஒரு ரூபா போன் நம்பர் ஒண்ணுதான். அதைச் சொன்னேன். ஆயாம்மா அதைத் தன் கையில பேனாவால எழுதிக்கிட்டாங்க, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கிட்டாங்க.

அஞ்சாம் நாள் அப்பா மில்லு கேட்ல வந்து நின்னாரு. பணம் ஒரு பைசா வரல. சூப்பர்வைசர் மேல கேசும் இல்ல. எங்ககிட்ட எந்த ஆதாரமும் இல்லைன்னுட்டாங்க.

மல்லிகா அக்கா, அந்தப் பொண்ணு உங்க விரலைப் புடிச்சதை நீங்க மறக்கல. அதுக்காகத்தான் எழுதினேன்.

வழக்கறிஞர்_தல்லாகுளம்

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. ஆதாரம் இல்லை என்று சொன்னதைப் பற்றி இங்கே இருக்கிற மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. மைனர் என்று தெரிந்தாலோ, வன்முறை என்று பெண் சொன்னாலோ, கலைத்த கருத்திசுவைக் கழிவில் போட்டுவிடாதீர்கள். டி.என்.ஏ. பரிசோதனைக்கு அதுதான் முதல் சான்று. ஃபார்மலினில் போட்டால் வீணாகிவிடும். மூடியுள்ள வாயகன்ற பாட்டிலில் குளிரில் வைத்து, முத்திரையிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

தெற்குவாசல்_ஓஜி

தங்கையின் பதிவை நேற்றிரவு படித்தேன். என் ஆஸ்பத்திரியிலும் இப்படி யாராவது சித்தி என்று கையெழுத்துப் போட்டிருப்பார்களா என்று பழைய பெயர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாது. தெரியாதபடிதான் நடத்தியிருக்கிறேன்.

நான் முன்பு 'ஆயிரத்தில் ஒன்று' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கேட்டிருந்தால்தானே எத்தனை என்று தெரியும்? கணவர் கையெழுத்துக் கோடு இல்லாமல் புதிய படிவம் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். என் கண்ணாடி உடைந்த பயம் இன்னும் போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு சந்தேகம்: மைனர் என்றால் காவல்துறை வந்து வார்டில் நின்று கேள்வி கேட்குமே, மற்ற நோயாளிகள் முன்னால்?

வழக்கறிஞர்_தல்லாகுளம்

சீருடையில் வரக்கூடாது டாக்டர். போக்சோ 24ஆம் பிரிவு. வாக்குமூலத்தை அவள் விரும்பும் இடத்தில், முடிந்தவரை பெண் அதிகாரி வாங்க வேண்டும். நீங்களே அதை எடுத்துச் சொல்லலாம். பரிசோதனையின்போது பெற்றோரோ அவள் நம்பும் ஆளோ உடன் இருக்கலாம், யாரும் இல்லையென்றால் மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. யாரை நம்புகிறாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும், கூட வந்தவரை அல்ல.

நர்ஸ்_மல்லிகா (திண்டுக்கல் பக்கம்)

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க.

வக்கீல் சார் சொன்னபடி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு கொடுத்தேன், யார் பேரும் எழுதல. ஆய்வுக்குப் போனாங்க. 14 பொண்ணுங்களுக்கு அவங்க ஆதாரைத் திருப்பிக் கொடுக்க வச்சாங்களாம். அந்தப் பொண்ணு அதுல இல்ல. போன வாரமே ஊருக்கு அனுப்பிட்டோம்னு சொல்லியிருக்காங்க. ரயில் டிக்கெட் யாரும் காட்டல. ஆணைக்குழுல இருந்து ஒடிசாவுக்கு எழுதியிருக்காங்க, பதில் வரல.

எங்க டாக்டரம்மாகிட்ட இந்த இழையை அப்படியே படிச்சுக் காட்டினேன். புருஷன் கையெழுத்தை முழுசா விடல, மயக்க மருந்துக்கு அட்டெண்டர் கையெழுத்துன்னு ஒண்ணு இன்னும் வாங்குறாங்க. ஆனா ட்ரெஸ்ஸிங் ரூம் பக்கத்துல இருந்த ஸ்டோரைக் காலி பண்ணி எனக்குக் கொடுத்துட்டாங்க. ரெண்டு ஸ்டூல், ஒரு மேசை. நோயாளி மட்டும்னு அட்டை போட்டாச்சு.

அந்த அறைக்கு வந்த முதல் ஆளு நம்ம ஊர்ப் பொண்ணுதான். 26 வயசு, சொந்தப் புருஷன், கழுத்துல தாலி, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. கவிதா அக்கா சொன்ன கடைசிக் கேள்வியைக் கேட்டேன். இதைக் கலைக்கணும்னு முதல்ல சொன்னது யாரு? தரையைப் பாத்துட்டு 'எங்க மாமியார்'னுச்சு. உனக்கு? 'எனக்கு வேணும்க்கா.' டாக்டரம்மா வந்து தாங்களே ஒரு தடவை கேட்டாங்க, அப்புறம் செய்யமுடியாதுன்னு வெளிய போய்ச் சொன்னாங்க. புருஷன் வராந்தால நின்னு கத்துனான். அந்தப் பொண்ணு அன்னைக்கு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு.

கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் 181ஐத் தமிழ்லயும் இந்திலயும் எழுதி ஒட்டிட்டேன். ஒடியாவுல எழுத, பஸ் ஸ்டாண்டு பக்கம் பானிபூரி விக்கிற பையன் உதவினான். அசாமியும் பெங்காலியும் இன்னும் வேணும். 'உங்களுக்கு உதவி வேணும்னா இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது.' இந்த ஒரு வரிதான். யாருக்காவது எழுதத் தெரிஞ்சா கையால எழுதிப் படம் எடுத்து இங்க போடுங்க, நான் பெருசா பிரிண்ட் போட்டுக்கிறேன்.